3389ஆம் போர்ட்டைத் திறக்க வேண்டாம்: நிர்வாகக் குழுவினருக்குக் கணினிப் பராமரிப்புப் பிரிவின் திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

கடந்த வாரச் சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. கணக்கு மென்பொருள் விற்ற வெண்டரின் ஆட்கள் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்க வசதியாக, கிண்டி தலைமை அலுவலக ஃபயர்வாலில் (இணையத்துக்கும் நம் கணினிகளுக்கும் நடுவிலுள்ள காவல்) 3389ஆம் போர்ட்டை, அதாவது விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ சேவையின் கதவை, திறந்து கணக்கு சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும் என்பது ஒன்று. கிண்டி, பாரிமுனை, அம்பத்தூர் கிடங்கு மூன்றிலும் உள்ள எல்லா டெஸ்க்டாப்பிலும் ஒரே ரிமோட் செயலியைப் போட்டு, எதிரில் ஆள் இல்லாதபோதும் திறக்கும்படி ஒரே பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒன்றாம் தேதிக்குள் முடித்துக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எங்களால் கையெழுத்திட முடியாது. காரணத்தை மூன்று முறை டிக்கெட்டில் (கோரிக்கைப் பதிவில்) எழுதினோம். மூன்றும் ‘பார்க்கிறோம்’ என்ற பதிலோடு மூடப்பட்டன. அதனால்தான் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் படிக்கும்படி இந்த மடல்.

‘வெண்டர் மட்டும்தானே வரப்போகிறார்’ என்று கேட்டீர்கள். போர்ட்டுக்கு அது தெரியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, கிகாபிட் இணைப்புள்ள ஒரே ஒரு கணினியிலிருந்து உலகின் மொத்த ஐபிவி4 இணைய முகவரிகளிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்தில் பார்த்துவிடும். கிண்டியில் இருக்கும் சின்ன அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம் அன்றோடு செத்துவிட்டது. யாரும் நம்மைத் தேடவில்லை. எல்லாரையும் தட்டிப் பார்க்கிறார்கள், அதில் நாமும் அகப்படுவோம். எண்ணை 33890 என்று மாற்றி வைக்கலாமே என்று வெண்டர் சொன்ன யோசனையும் உதவாது. எந்த எண்ணில் வைத்தாலும் தட்டியதும் ‘நான்தான் ரிமோட் டெஸ்க்டாப்’ என்று அந்தச் சேவையே பதில் சொல்லிவிடும்.

திறந்த சில மணி நேரத்திலேயே பாஸ்வேர்டு ஊகிப்பு தொடங்கிவிடும். சென்ற ஆண்டு சோதனைக்கென்று ஒரு நாள் திறந்திருந்தபோது பதிவான லாகை (நிகழ்வுப் பதிவை) தனிக் கோப்பாக எடுத்து வைத்திருக்கிறோம். குழுவில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அந்தக் கோப்பைத் திறந்து, தோல்வியுற்ற உள்நுழைவைக் குறிக்கும் 4625 என்ற எண்ணை வடிகட்டினால் போதும். அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், பேக்கப் என்று வரிசையாகப் பெயர்களை மாற்றி மாற்றி முயன்றிருப்பது தெரியும். அன்று வெண்டரின் ஆள் பார்த்துவிட்டு ‘ரிமோட் முயற்சி எதுவும் இல்லையே’ என்றார். அவர் லாகான் வகை 10ஐ, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் உள்நுழைவு என்று குறிக்கப்பட்டதை, மட்டும் தேடினார். திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் இயங்கும் கணினியில் தோல்வியுற்ற ரிமோட் முயற்சிகள் வகை 3 என்றுதான் பதிவாகும். 10ஐ மட்டும் பார்த்தால் எல்லாம் அமைதியாகத்தான் தெரியும். இன்னொன்று: பத்துத் தடவை பாஸ்வேர்டு தப்பானால் கணக்கைப் பூட்டு என்ற விதி, பழைய விண்டோஸில் கூடவே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்குச் செல்லாது. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊகித்துக்கொண்டே இருக்கலாம்.

பாஸ்வேர்டு பலமாக இருந்தால் போதாதா என்றால், போதாது. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் தெரியவந்த ‘ப்ளூகீப்’ பாதுகாப்பு ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. உள்நுழையும் முன்பே, போர்ட்டைத் தொட முடிந்தாலே சர்வரைக் கைப்பற்றலாம் என்ற நிலை. ஆதரவை நிறுத்திப் பல ஆண்டுகளான விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வெளியிட்டதிலிருந்தே அதன் கனம் புரியும். நம் கணக்கு சர்வரில் இருப்பது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. ப்ளூகீப் பேட்ச் அதில் போடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரியவந்த ஓட்டைகளுக்கு எதுவும் போடவில்லை. புதிய பதிப்பில் தங்கள் மென்பொருள் ஓடாது என்று வெண்டர் சொல்லிக்கொண்டிருப்பதுதான் காரணம். மூன்று இடங்களிலும் சேர்த்து மிகப் பலவீனமான இயந்திரம் எதுவோ, அதையே ஊருக்குத் திறந்து வைக்கச் சொல்கிறது சுற்றறிக்கை.

ஒரே பாஸ்வேர்டு விஷயம் இதைவிடக் கவலை தருவது. பாரிமுனைக் கணக்குப் பிரிவில் ஜன்னலோர மேசையைப் பாருங்கள். மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு மஞ்சள் தாள். முதல் வரியில் ரிமோட் செயலியின் ஒன்பது இலக்க எண், அதன் கீழே பாஸ்வேர்டு. சிபியுவின் முன்பக்க யுஎஸ்பியில் இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகியபடி இருக்கும். மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற வரிக் கணக்கைப் போடும்போது செருகியது, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு முடித்த பிறகும் கழற்றப்படுவதில்லை. ‘திரும்பத் திரும்பக் கழற்றினால் டிரைவர் பிடிக்க மாட்டேன் என்கிறது’ என்கிறார்கள். அந்தக் குறையும் உண்மைதான். டோக்கனின் பின் (PIN) எண் டெஸ்க்டாப்பிலேயே ஒரு நோட்பேட் கோப்பில் கிடக்கிறது. ஆக, இரவு இரண்டு மணிக்கு அந்தச் செயலி வழியாக உள்ளே வருபவர் முன்னால் திரை இருக்கிறது, டோக்கன் இருக்கிறது, பின் எண் இருக்கிறது. இயக்குநர் பெயரில் எதிலும் கையெழுத்துப் போடலாம். இதற்கு ஹேக்கிங் தெரிய வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்தால் போதும்.

ஓடிபி சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் விளம்பரம் ஓடுகிறது. ஆனிடெஸ்க் என்ற ரிமோட் செயலியை இறக்கவைத்து ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பணம் பறிக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. நம் அலுவலகத்திலோ, ‘சப்போர்ட்டிலிருந்து பேசறோம்’ என்று யார் கூப்பிட்டாலும் அந்த எண்ணைப் படித்துக் காட்டுவதையே வழக்கமாக்கி வைத்திருக்கிறோம். ஊழியர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

எல்லா இயந்திரத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒன்று போனால் எல்லாம் போயிற்று. வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரியும், வெண்டரிடமிருந்து விலகிப் போன பொறியாளருக்கும் தெரியும். மாற்ற வேண்டுமானால் மூன்று ஊழியர்கள் மூன்று இடங்களுக்கும் அலைய வேண்டும், அதனால் யாரும் மாற்றமாட்டார்கள். தப்பு நடந்த பிறகு லாகைப் பார்த்தால் ‘அட்மின் வந்தார், அட்மின் போனார்’ என்று இருக்கும். எந்த அட்மின்?

செயலி நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. நல்ல நிறுவனங்களுக்கும் இது நடக்கும். 2024 பிப்ரவரி தொடக்கத்தில் ஆனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததை அறிவித்து, சான்றிதழ்களை மாற்றி, இணையதளப் பாஸ்வேர்டுகளை ரத்து செய்தது. 2021 ஜூலையில் கஸேயா நிறுவனத்தின் ரிமோட் நிர்வாக மென்பொருள் வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பரவியது. ஒவ்வொரு கணினியையும் வெளியே உள்ள ஒருவரின் சர்வரோடு எந்நேரமும் கட்டிப்போட்டால், அவர் வீட்டில் தீப்பிடித்தால் நம் கூரையும் எரியும்.

ரிமோட்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கல் மூழ்கியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். சென்னையில் சர்வர் பார்க்கிறவர் ஆண்டுக்குச் சில நாளாவது அலுவலகம் வர முடியாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கத்தான் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, புதிய லைசென்ஸ் செலவும் இல்லை.

கிண்டியில் ஒரு சிறு லினக்ஸ் பெட்டி (கணினி). அதில் வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வர மறையாக்கிய தனிப்பாதை. வெளியே தெரியும் ஒரே போர்ட் யுடிபி 51820. சரியான சாவியில்லாமல் வரும் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) வயர்கார்டு பதிலே சொல்லாது. தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லை என்றே தோன்றும். ஆளுக்கு ஒரு சாவி என்பதுகூட இல்லை, ஒருவர் லேப்டாப்புக்கு ஒன்று, அவரது போனுக்கு வேறொன்று. போன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும்.

அம்பத்தூர் கிடங்கின் பிராட்பேண்ட் சிஜிநாட்டுக்கு, அதாவது பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாட்டுக்கு, பின்னால் இருக்கிறது. பொது ஐபி கிடையாது, வெளியிலிருந்து உள்ளே கூப்பிட முடியாது. ஆகவே கிடங்கிலுள்ள பெட்டிதான் கிண்டியைக் கூப்பிட வேண்டும். பேச்சு இல்லாமல் சிறிது நேரம் போனால் நடுவிலுள்ள அந்த ஏற்பாடு தொடர்பை மறந்துவிடும்; அப்போது கிண்டியிலிருந்து கிடங்கைத் தொட முடியாது. கிடங்குப் பக்கத்தில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (தொடர்பு மறக்காதிருக்க அவ்வப்போது அனுப்பும் பாக்கெட்) 25 விநாடி என்று வைத்தால் சரியாகும். கிண்டிப் பக்கத்தில் அது தேவையில்லை.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘விபிஎன் போட்டுப் பார்த்தோம், வேலை செய்யவில்லை’ என்று 2022இல் கைவிட்டதற்குக் காரணமே அதுதான். வயர்கார்டு வழக்கமாக 1420 என்று எடுத்துக்கொள்ளும். பாரிமுனை இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை, அதில் 1492 பைட்தான் போகும். வயர்கார்டுக்கு 80 கழித்தால் 1412. இதைக் குறைக்காமல் விட்டால் சின்ன பாக்கெட் எல்லாம் போகும், பெரியது மட்டும் வழியில் விழும். பிங் அடித்தால் பதில் வரும், எஸ்எஸ்எச்சில் (சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைந்து கட்டளை எழுதும் வழி) லாகின் ஆகும், நீளமான கோப்புப் பட்டியலைக் கேட்டதும் அப்படியே உறைந்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் கறுப்புத் திரை. லைன் சரியில்லை என்று சேவை நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்து வருபவர்கள் 1280 என்று வைத்துவிடுவது நல்லது.

முகவரி மோதலும் உண்டு. அலுவலகமும் 192.168.1, ஊழியர் வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்றால், சர்வரைக் கூப்பிட்டால் வீட்டு பிரின்டர் பதில் சொல்லும். அலுவலக லேனை (உள் நெட்வொர்க்கை) 10இல் தொடங்கும் வேறு வரிசைக்கு மாற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. திங்கட்கிழமை காலையில் பிரின்டர்களுக்காகத்தான் முதல் போன் வரும், அதற்கு எங்கள் பிரிவு தயார்.

விபிஎன் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நின்றது ஒரு பழைய விபிஎன் கணக்கால். யாரும் பயன்படுத்தாத கணக்கு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை, பாஸ்வேர்டு மட்டும். வயர்கார்டில் இரண்டாம் கட்டம் கிடையாது. எனவே அதைத் தாண்டி வருபவர் முதலில் ஒரு ஜம்ப் சர்வரில் (மற்ற சர்வர்களுக்குப் போகும் இடைவாசல்) எஸ்எஸ்எச் சாவியோடும், போனில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணோடும் நுழைய வேண்டும். அங்கிருந்துதான் மற்ற சர்வர்கள். கணக்கு சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பும் அந்த எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகவே. நம் சாவியை ஜம்ப் சர்வரும் பயன்படுத்த விடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங் வேண்டாம், அதை வெறும் வழியாக மட்டும் வைக்கும் ப்ராக்ஸி ஜம்ப் போதும். ஜம்ப் சர்வர் ஒருவேளை கைமாறினாலும் அங்கிருந்து நம் சாவியைக் கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியாது.

லினக்ஸ் சர்வர்களில் பாஸ்வேர்டு லாகினை அணைத்துவிட்டதாகப் பழைய தணிக்கை அறிக்கையில் இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் இரண்டு சர்வர்களில் அது அணையவே இல்லை. எஸ்எஸ்எச் சேவையை நடத்தும் எஸ்எஸ்எச்டியின் முதன்மை கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ‘நோ’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோப்பின் தலையிலேயே துணைக் கோப்புகளைச் சேர்க்கும் வரி இருக்கிறது. அப்படிச் சேரும், சர்வரை முதன்முதலில் அமைக்கும் கிளவுட்-இனிட் போட்டுவைத்த, 50 என்று தொடங்கும் கோப்பில் ‘யெஸ்’ என்று இருக்கிறது. எஸ்எஸ்எச்டி முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும், பிறகு எழுதியது செல்லாது. கோப்பைப் படித்துத் தணிக்கை செய்தால் இப்படித்தான் ஆகும். எஸ்எஸ்எச்டியைப் பெரிய எழுத்து டி (-T) விருப்பத்தோடு ஓட்டினால் நடைமுறையில் என்ன இருக்கிறது என்று அதுவே சொல்லும். மாற்றிய பிறகு சின்ன டி (-t) போட்டுப் பிழை பார்த்து, பழைய செஷனை மூடாமல் இன்னொரு ஜன்னலில் லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகே எழுந்திருக்க வேண்டும். ஃபயர்வால் விதி மாற்றும்போது, பத்து நிமிடத்தில் அந்த விதியைத் தானே திரும்பப் பெறும் ஒரு டைமரையும் முன்கூட்டியே வைப்பது வழக்கமாக வேண்டும். இல்லையென்றால் மழை நாளில் சர்வருக்கு வெளியே நின்றுகொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

இதிலும் முழு நிம்மதி கிடையாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் நூலகத்தில் திட்டமிட்டு வைத்த பின்கதவு பிடிபட்டது, எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதை ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால்தான். அரை விநாடி! எஸ்எஸ்எச்சையும் நேரடியாக ஊருக்குத் திறக்காமல் வயர்கார்டுக்குப் பின்னால் வைக்கச் சொல்வது அதனால்தான்.

டெஸ்க்டாப் பராமரிப்புக்கு வருவோம். உதவி கேட்டவர் எதிரில் இருக்கும்போது, அவர் ‘சரி’ அழுத்திய பிறகே திரை தெரிய வேண்டும். ஆளில்லாத நேரத்து வேலை எல்லாம் பேட்ச், மென்பொருள் நிறுவல். அதற்குத் திரையே தேவையில்லை, டொமைன் (கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடு) வழியாக அனுப்பலாம். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டுக்கு விண்டோஸிலேயே 2023 ஏப்ரல் முதல் லாப்ஸ் வசதி இருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் வேறு பாஸ்வேர்டு, 30 நாளுக்கு ஒருமுறை தானே மாறும். யார் எடுத்துப் பார்த்தார்கள் என்பதையும் தணிக்கைப் பதிவில் வரவைக்கலாம். கிடங்கில் சில கணினிகளில் ஹோம் எடிஷன் இருக்கிறது, அவற்றை டொமைனில் சேர்க்க முடியாது. அவற்றை மட்டும் புரோவுக்கு மாற்றுவதுதான் இந்த மடலிலுள்ள ஒரே லைசென்ஸ் செலவு. கிடங்கில் ஒருவர் போட்டுவைத்த பழைய விஎன்சி என்ற ரிமோட் திரைச் செயலியை உடனே எடுக்க வேண்டும். அந்த வகை விஎன்சி பாஸ்வேர்டில் முதல் எட்டு எழுத்தைத்தான் பார்க்கும், திரையில் தெரிவதை மறையாக்கமில்லாமல் அனுப்பும்.

கரண்ட் போய்வந்தபின் கணினி எழுவதில்லை, அதனால் இரவில் அணைக்காமல் விடுகிறோம் என்பது கிடங்கின் நியாயமான புகார். அணைந்த கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக்-ஆன்-லேன் பாக்கெட் பொதுவாக ரவுட்டரைத் தாண்டாது. கிடங்குப் பெட்டியிலிருந்தே அதை அனுப்ப வேண்டும், கணினிகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டும், பயாஸில் கரண்ட் வந்ததும் எழும்படி வைக்க வேண்டும். சர்வர்களின் நிர்வாகப் போர்ட் தனி விலேனில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில்) இருக்க வேண்டும். இப்போது அது பணியாளர் லேனிலேயே செருகியிருக்கிறது. அந்தப் போர்ட்டில் ஓடும் ஐபிஎம்ஐ 2.0, கேட்டவருக்குப் பாஸ்வேர்டின் ஹாஷை (ஊகித்து ஒப்பிடக்கூடிய மறைவடிவத்தை) தந்துவிடும் வடிவமைப்பு. பேட்ச் போட்டு அதைத் திருத்த முடியாது.

லாக். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். நம் கணக்கு சர்வரின் செக்யூரிட்டி லாக் கோப்பு சில நாளிலேயே நிரம்பிப் பழையதை அழித்துக்கொள்கிறது. உள்ளே வந்தவர் முதலில் செய்வதும் லாகைத் துடைப்பதுதான். லாக் அழிக்கப்பட்டது என்று சொல்லும் 1102 என்ற ஒரே ஒரு வரி மிஞ்சும். அதன்பிறகு லாகைத் தேடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். லாக் வேறொரு பெட்டிக்கு உடனுக்குடன் போக வேண்டும், அந்தப் பெட்டியும் பேக்கப் பெட்டியும் இந்த டொமைனில் இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் தகவல் வெளியே போனால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு என்பதையும் நிதிப் பிரிவு கவனிக்கட்டும்.

நாங்கள் கேட்பவை இவை. 3389ஐத் திறக்கும் முடிவையும், ஒரே பாஸ்வேர்டு வைக்கும் முடிவையும் சுற்றறிக்கை மூலமாகவே திரும்பப் பெறுங்கள், வாய்மொழியாக வேண்டாம். கிண்டியில் வயர்கார்டு பெட்டியும் ஜம்ப் சர்வரும் வைக்க இரண்டு வாரமும், முகவரி மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஏற்கெனவே ஸ்டோரில் கிடக்கும் இரண்டு பழைய டெஸ்க்டாப்பும் தாருங்கள்.

வெண்டரின் ஒவ்வொரு பொறியாளருக்கும் அவர் பெயரிலேயே கணக்கு தருவோம். கேட்ட நாளில் திறக்கும், மாலையில் தானே காலாவதியாகும், கணக்கு சர்வரைத் தவிர வேறெதையும் தொடாது. இதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த விதியைச் சேருங்கள். 2008 ஆர்2வை விட்டு எப்போது வெளியே வருவோம் என்று அவர்களிடம் தேதி கேட்டு வாங்குங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இன்று மாலையே கழற்றப்பட்டு நிதி மேலாளரின் பூட்டிய இழுப்பறைக்குப் போக வேண்டும், பின் எண்ணும் மாற வேண்டும். இதற்கு இரண்டு வாரம் தேவையில்லை.

பதில் வரும்வரை ஃபயர்வாலில் மாற்றம் எதுவும் செய்யப்போவதில்லை. திறந்தே ஆக வேண்டும் என்று குழு முடிவு செய்தால், சர்வரின் பெயர், போர்ட் எண், திறக்கும் தேதி, மூடும் தேதி, உத்தரவிட்டவரின் பெயர் ஐந்தும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதமாக அது வரட்டும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பிரிவு,
கிண்டி, சென்னை